ஏற்காட்டுப் பங்களாக்களின் பழைய வேட்டை ரைஃபிள்: வாங்குமுன் பார்க்க வேண்டியவை

சேர்வராயன் மலையின் காப்பித் தோட்டங்கள் வெள்ளையர் காலத்திலேயே வேரூன்றியவை. அந்தப் பங்களாக்களிலும் சேலத்துப் பழைய குடும்பங்களிலும் தலைமுறையாக இருந்துவந்த இங்கிலாந்து ரைஃபிளை வாரிசுகள் விற்க முன்வருவது உண்டு. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு வேட்டை முடிந்துவிட்டதால், இவற்றை இன்று வாங்குபவர் கைவேலையின் அருமைக்காகவும் இலக்குச் சுடுதலுக்காகவுமே வாங்குகிறார். எண்பதுகளின் நடுவிலிருந்து தனியார் இறக்குமதி அடைபட்டிருப்பதால் நாட்டுக்குள் இருப்பவையே கைமாறுகின்றன. விலை ஏறுவதற்கும், தயாரிப்பாளர் பெயரைக் காட்டிப் பழுதை மறைப்பதற்கும் அதுவே காரணம்.

துப்பாக்கியைப் பார்க்குமுன் விற்பவரின் உரிமத்தைக் கேளுங்கள். அதில் எழுதியுள்ள எண்ணும், விசைக் காப்பின் (விசையைச் சுற்றியுள்ள வளையம்) வாலில் செதுக்கியுள்ள எண்ணும் ஓர் இலக்கம் பிசகாமல் ஒத்திருக்க வேண்டும். நூறாண்டு கடந்த துப்பாக்கிக்கு உரிமமே தேவையில்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பழுது பார்த்தாலும் சுட முடியாத நிலையில் உள்ள பழம்பொருளுக்கு மட்டுமே 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் விலக்கு அளிக்கிறது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் பொதுவாக இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்க முடியாது என்பதையும், நீங்கள் வாங்க நினைக்கும் வகை உங்கள் உரிமத்தில் அடங்குகிறதா என்பதையும் முன்கூட்டியே உறுதி செய்துகொள்ளுங்கள்.

அடுத்தது தோட்டா. ரைஃபிளின் பெயரோடு வரும் எண், அது ஏற்கும் தோட்டா வகையைக் குறிக்கும். 375 ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் மேக்னம் 1912-இல் வந்தது. உலகெங்கும் இன்றுவரை அதற்குத் தோட்டா செய்கிறார்கள். 404 ஜெஃப்ரி, 416 ரிக்பி, 470 நைட்ரோ எக்ஸ்பிரஸ் ஆகியவற்றுக்கும் வெளிநாடுகளில் தோட்டா உண்டு. ஆனால் நம் ஊரில் உரிமம் பெற்ற கடைக்காரரால் அதை வரவழைத்துத் தர முடியுமா என்று எழுத்தில் கேட்டுக்கொள்ளாமல் முன்பணம் கொடுக்கக் கூடாது. தோட்டா கிடைக்காத ரைஃபிளுக்குக் கேட்ட விலையைக் கொடுப்பது வீண் என்பது என் கருத்து.

குழலுக்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். அக்காலத் தோட்டாக்களின் கேப்பில் (அடியில் தீப்பொறி தரும் சிறு மூடி) பொட்டாசியம் குளோரேட் இருந்தது. சுட்டபின் அது பொட்டாசியம் குளோரைடாக மாறிக் குழலுக்குள் படிந்து, உப்பைப் போல ஈரத்தை இழுக்கும். எண்ணெய் அதைக் கரைக்காது. வெந்நீர் ஊற்றிக் கழுவினால்தான் போகும். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் மூடுபனிக்குள் கிடக்கும் ஏற்காட்டு வீடுகளில், கழுவாமல் எண்ணெய் மட்டும் தடவி வைத்த குழல்கள் உள்ளுக்குள் அரித்துப் போவதில் வியப்பில்லை. தேர்தல் காலத்தில் காவல் நிலையத்தில் ஒப்படைத்து, பல மாதம் திரும்ப வாங்காமல் விட்டவையும் அப்படியே.

தோட்டா இல்லை என்பதை இருமுறை பார்த்த பிறகு, இரட்டைக்குழல் என்றால் குழல்களைக் கழற்றிச் சாளரத்தின் பக்கமாகப் பிடித்து இரு முனைகளிலிருந்தும் பாருங்கள். சாளரச் சட்டத்தின் நிழல் உட்சுவரில் நேர்க்கோடாக விழும். குழலை மெல்லத் திருப்பும்போது அந்தக் கோடு ஓரிடத்தில் வளையமாக நெளிந்தால் அங்கே குழல் புடைத்திருக்கிறது, அதை வாங்கக் கூடாது. குழலின் உட்சுவரில் வெட்டியுள்ள சுருள் வரிகளின் விளிம்பு கூர்மையாக இருக்க வேண்டும். தோட்டா அறைக்கு அருகே லேசான கறுப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம், முகப்பு விளிம்பில் அரிப்பு இருந்தால் குறி தவறும். பிறகு குழல்களைக் கொக்கியில் தொங்கவிட்டு விரல் முட்டியால் தட்டுங்கள். தெளிவான மணியோசை வந்தால் குழல்களை இணைக்கும் பட்டை உறுதியாக இருக்கிறது. கரகரத்தால் ஈயப்பற்று விட்டிருக்கிறது. குழல்களைத் திரும்பப் பூட்டி, முன்கட்டையைக் கழற்றி அசைத்துப் பாருங்கள். ஆட்டம் இருந்தாலோ, குழலின் பின்முகத்துக்கும் அது வந்து பொருந்தும் பூட்டுமுகத்துக்கும் இடையே வெளிச்சம் தெரிந்தாலோ, அதைச் சரிசெய்யத் தேர்ந்த கைவினைஞர் வேண்டும். அந்தச் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள்.

குழலின் அடிப்பகுதியில், அது சோதனையில் தேறியதைக் காட்டும் முத்திரைகள் இருக்கும். 1904 முதல் பர்மிங்காமில் கிரீடத்தின் கீழ் ‘என்பி’ என்றும், லண்டனில் வளைவாள் ஏந்திய கையின் கீழ் ‘என்பி’ என்றும் பொறித்தார்கள். புகையில்லா மருந்துக்குச் சோதிக்கப்பட்டது என்பதே அதன் பொருள். அந்த முத்திரை இல்லாத கரும்பொடிக் காலக் குழலில் புகையில்லா மருந்துத் தோட்டாவை ஒருபோதும் ஏற்றக் கூடாது. 470 ரைஃபிளில் ‘கார்டைட் 75-500’ என்று இருந்தால், கார்டைட் என்ற புகையில்லா மருந்து 75 கிரெயின் (ஒரு சிறிய எடை அளவு), குண்டு 500 கிரெயின் என்று பொருள். அந்த அளவுக்கு ஒத்த தோட்டாவில்தான் இரு குழல்களும் ஒரே இடத்தில் சுடும். முடிந்தால் உரிமம் பெற்ற சுடுதளத்தில் வலக்குழல், இடக்குழல் என்று மாறி மாறிச் சுட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

மரக்கட்டையில் முதலில் பார்க்க வேண்டியது, பூட்டின் உலோக வால் முடியும் இடத்துக்குப் பின்னால் மயிரிழை போல ஓடும் விரிசல். பெரிய ரைஃபிளின் உதை அங்கேதான் வெளிப்படும். நிமிர்த்தி வைத்த துப்பாக்கியில் எண்ணெய் வழிந்து இறங்கி, பூட்டை ஒட்டிய மரம் கறுத்து மென்மையாகியிருக்கும். நகத்தால் அழுத்தினால் தடம் விழும். புதிதாகப் பளபளக்கும் ரைஃபிளைவிட, நிறம் தேய்ந்தாலும் செதுக்கல் கூர்மையாக உள்ளதையே நான் தேர்ந்தெடுப்பேன், ஏனென்றால் மெருகேற்றும் உருளை உலோகத்தின் விளிம்புகளையும் எழுத்துகளையும் சேர்த்தே தின்றுவிடுகிறது. சிதைந்த திருகுக் காடிகள், தேர்ச்சியில்லாத கை உள்ளே நுழைந்ததற்குச் சான்று.

ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட், ரிக்பி, வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் போன்ற இங்கிலாந்துத் தயாரிப்பாளர்களிடம் பழைய பேரேடுகள் இருக்கின்றன. எண்ணை எழுதிக் கேட்டால், அந்த ரைஃபிள் முதலில் எந்த அளவில், யாருக்காக, எந்த ஆண்டில் செய்யப்பட்டது என்று பேரேட்டில் உள்ளதைச் சொல்வார்கள்.

விலை முடிந்தபின், விற்பவர் வாங்குபவரின் பெயர், முகவரியோடு கலெக்டருக்கோ அருகிலுள்ள காவல் நிலையத்துக்கோ எழுத்தில் அறிவித்து, 45 நாட்கள் கழிந்த பிறகே துப்பாக்கியை ஒப்படைக்கலாம். முழுத்தொகையை அதன்பின், இரு உரிமங்களிலும் பதிவு முடிந்த நாளில் கொடுங்கள். வீட்டுக்கு வந்ததும் பழைய தோல் பெட்டிக்குள் வைத்துப் பூட்டாதீர்கள். உள்ளே ஒட்டியுள்ள துணி மழைக்காலம் முழுவதும் ஈரத்தைப் பிடித்து வைக்கும். லேசாக எண்ணெய் துடைத்து, குழல்முனை கீழே இருக்கும்படி பூட்டிய இரும்பு அலமாரியில் நிறுத்துங்கள். எண்ணெய் மரத்துக்குள் இறங்காது.