நோய் மரங்கள் கூட்டமாகத்தான் நிற்கின்றனவா? ஜாயின் கவுண்ட் சோதனை செய்யும் முறை

"கூட்டங் கூட்டமா சாயுது கிராணி" என்று தோட்டக் கணக்கரிடம் சொல்வார் மண்டோர், அதாவது வேலையாட்களின் மேற்பார்வையாளர். மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் செம்பனையில் (எண்ணெய்ப்பனையில்) கானோடெர்மா என்ற அடித்தண்டு அழுகல் பூஞ்சை நோய்ப் பேச்சு வந்தாலே இப்படித்தான். இருக்கலாம். ஆனால் தற்செயலாகச் சிதறிய புள்ளிகளிலும் கண்ணுக்குக் கூட்டம் தெரியும். எண்ணிப் பார்த்துவிடுவதே நல்லது.

முதலில் மரங்களின் இடம். கைப்பேசி ஜிபிஎஸ் வேண்டாம். மட்டைகளுக்கு அடியில் அது பல மீட்டர் தள்ளிக் காட்டும், அடுத்த மரமோ 9 மீட்டரில் நிற்கிறது. நிரை எண்ணும் மர எண்ணும் போதும். 9 மீட்டர் முக்கோண நடவு என்றால் மர எண்ணை 9ஆல் பெருக்குங்கள், நிரை எண்ணை 7.8ஆல் பெருக்குங்கள், ஒன்றுவிட்டு ஒரு நிரையில், மர எண்ணைப் பெருக்கி வந்த தொலைவோடு 4.5 மீட்டர் கூட்டுங்கள். நோயால் வெட்டிச் சாய்த்த மரத்தையும் நோய் மரமாகவே எழுதுங்கள். அதை விட்டால் கூட்டத்தின் நடுவே ஓட்டை விழும்.

பலர் நேரே மோரனின் ஐ (Moran's I) பக்கம் போய்விடுவார்கள். பக்கத்துப் பக்கத்து மதிப்புகள் எவ்வளவு ஒத்திருக்கின்றன என்று சொல்லும் அளவு அது. 1950-இல் வந்த அந்த அளவு குலை எடை மாதிரியான எண்களுக்கு அருமை. நம்மிடம் இருப்பது நோய் உண்டு, இல்லை என்பது மட்டும். இதற்கு ஜாயின் கவுண்ட் (join count, ஜோடி எண்ணிக்கை) தான் சரி: அக்கம்பக்கத்து மரங்கள் இரண்டுமே நோயாக இருக்கும் ஜோடிகளை எண்ண வேண்டும்.

யார் அக்கம்பக்கம் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. எல்லையை 10 மீட்டர் வையுங்கள். உள்ளே நிற்கும் மரத்துக்குச் சரியாக ஆறு பக்கத்து மரங்கள் கிடைக்கும். அடுத்த வட்டம் 15.6 மீட்டரில்தான் வரும். 20 நிரை, நிரைக்கு 20 மரம் என்றால் மொத்தம் 1121 ஜோடிகள். அதில் 40 மரம் நோய் என்றால், தற்செயலாக எதிர்பார்க்க வேண்டிய நோய்–நோய் ஜோடி சுமார் 11.

உங்களுக்கு 14 வந்தால்? 30 வந்தால்? அதற்குத்தான் கலைத்துப் பார்ப்பது. ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருளின் எஸ்பிடெப் (spdep) தொகுப்பு, 40 நோய்க் குறிகளையும் 999 தடவை கலைத்துப் போட்டு ஒவ்வொரு தடவையும் எண்ணும். ஒரு தடவைகூட உங்கள் எண்ணிக்கையை எட்டவில்லை என்றால் பி மதிப்பு, அதாவது தற்செயலாகவே இவ்வளவு வரும் வாய்ப்பு, 0.001.

அப்புறம், கூட்டம் உறுதியானதும் "வேர் வழியாகத்தான் பரவுது" என்று மேனேஜரிடம் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். மறுநடவில் புதைந்து கிடக்கும் பழைய அடிக்கட்டைகளும் இதே வடிவத்தைத் தரும். பழைய நடவு வரைபடம் இருந்தால் அதையும் பக்கத்தில் விரித்து வைத்துப் பாருங்கள்.