சின்ன லினக்ஸ் சர்வரிலிருந்து எச்சரிக்கை மெயில்: லைன் போனாலும் தொலையாமல் அனுப்புவது எப்படி

வண்டன்மேடு, நெடுங்கண்டம், பூப்பாறை பக்கம் ஏலக்காய் ஸ்டோர் இருக்கும். முதலாளி கம்பத்திலோ போடியிலோ இருப்பார். ட்ரையர் அறையின் சூட்டைப் பார்த்துக்கொள்ள ராஸ்பெர்ரி பை என்ற ஒரு சின்ன கம்ப்யூட்டரும் சென்சாரும் மாட்டியாயிற்று. ராத்திரி இரண்டு மணிக்குச் சூடு எகிறினால் மலைக்குக் கீழே இருப்பவருக்கு அது தெரிய வேண்டும். சூடு மிஞ்சினால் காயின் பச்சை நிறம் போகும், ஏலத்தில் விலையும் போகும். தகவல் சொல்ல ஒரு மெயில் போதும். டெபியன் என்ற லினக்ஸ் மட்டும் ஏற்றிய, மானிட்டர் கூட இல்லாத மெஷினிலேயே இதைச் செய்துவிடலாம்.

போஸ்ட்ஃபிக்ஸ், எக்ஸிம் போன்ற முழு மெயில் சர்வர் இதற்குத் தேவையே இல்லை. அந்த மெஷினிலிருந்து, மெயில் சர்வர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் வாசலான 25ஆம் போர்ட் வழியாக நேரடியாக அனுப்பவும் முயல வேண்டாம். பல இன்டர்நெட் கம்பெனிகளும் கிளவுட் கம்பெனிகளும் அந்த போர்ட்டை அடைத்தே வைத்திருக்கின்றன. அடைக்காவிட்டாலும், அனுப்புபவர் யார் என்று உறுதிசெய்யும் எஸ்பிஎஃப், டிகேஐஎம், ரிவர்ஸ் டிஎன்எஸ் எதுவும் இல்லாத வீட்டு ஐபியிலிருந்து வரும் மெயிலை ஜிமெயில் ஏற்பதில்லை. இருக்கிற ஒரு மெயில் கணக்கில் 587ஆம் போர்ட் வழியாக லாகின் செய்து, அதன் பெயரில் அனுப்புவதுதான் சரியான வழி. சிம் போட்ட ரவுட்டரிலும் இது ஓடும். பப்ளிக் ஐபி தேவையில்லை.

இதற்கு எந்த ப்ரோகிராம்? எஸ்எஸ்எம்டிபியைப் பழைய குறிப்புகளில் பார்க்கலாம். அதைப் பராமரிக்க ஆளில்லை, விட்டுவிடுங்கள். எம்எஸ்எம்டிபி நல்ல கருவிதான். ஆனால் தானாக வரிசையில் வைக்காது: அனுப்பும் நொடியில் லைன் இல்லையென்றால் பிழை சொல்லிவிட்டு நின்றுவிடும், மெயில் போனது போனதுதான். ஆடி மழையில் மலையில் கரண்டும் நெட்டும் எப்போது போகும் என்று சொல்ல முடியாது, எச்சரிக்கை கிளம்புவதும் பெரும்பாலும் அந்த நேரத்தில்தான். அதனால் வரிசையில் வைத்து, லைன் வந்ததும் அனுப்பும் ப்ரோகிராம் வேண்டும். நல்மெயிலர் ஒன்று, டிராகன்ஃப்ளை மெயில் ஏஜென்ட் எனும் டிஎம்ஏ இன்னொன்று. இங்கே டிஎம்ஏவை எடுத்துக்கொள்வோம். எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் டீமன் இல்லை, செட்டிங்கும் கொஞ்சம்தான்.

முதலில் மெயில் கணக்கு. இதற்கென்றே தனியாக ஒரு ஜிமெயில் கணக்கு தொடங்குங்கள்; ஸ்டோரில் இருக்கும் மெஷினில் உங்கள் சொந்தக் கணக்கின் சாவியை வைக்காதீர்கள். அதில் டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷனை ஆன் செய்தால்தான் ஆப் பாஸ்வேர்ட், அதாவது ப்ரோகிராம்களுக்கென்று கூகுள் தரும் தனி பாஸ்வேர்ட், எடுக்க முடியும். அது 16 எழுத்து. நான்கு நான்காகப் பிரித்துக் காட்டுவார்கள். இடைவெளி இல்லாமல் சேர்த்து எழுத வேண்டும். சாதாரண பாஸ்வேர்டை வைத்து லாகின் செய்யும் வசதியை கூகுள் 2022 மே மாதத்தோடு நிறுத்திவிட்டது.

அடுத்து டெபியனின் இன்ஸ்டால் கமாண்டான ஆப்ட் மூலம் டிஎம்ஏவை இன்ஸ்டால் செய்யுங்கள். கேட்கும் கேள்விகளுக்கு ஏதாவது பதில் கொடுத்தால் போதும், எல்லாவற்றையும் பிறகு ஃபைலில் மாற்றிக்கொள்ளலாம். ஈடிசி ஃபோல்டருக்குள் டிஎம்ஏ என்று ஒரு ஃபோல்டர் வந்திருக்கும். அதில் டிஎம்ஏ.கான்ஃப் ஃபைலைத் திறந்தால் செட்டிங் பெயர்கள் ஏற்கெனவே எழுதியிருக்கும், பலவற்றின் முன்னால் # குறி இருக்கும். வேண்டியவற்றில் குறியை எடுத்துவிட்டு மதிப்பை நிரப்புங்கள். ஸ்மார்ட்ஹோஸ்ட் என்பதில் ஜிமெயிலின் எஸ்எம்டிபி சர்வர் பெயர். போர்ட் 587. ஆத்பாத் என்பதில் பாஸ்வேர்ட் ஃபைலின் இடம், அதாவது அதே ஃபோல்டரில் உள்ள ஆத்.கான்ஃப். இணைப்பைப் பாதுகாக்கும் செக்யூர்டிரான்ஸ்ஃபர், ஸ்டார்ட்டிஎல்எஸ் இரண்டுக்கும் மதிப்பு கிடையாது, குறியை எடுத்தாலே போதும். ஆனால் இரண்டையும் சேர்த்தே எடுக்க வேண்டும். ஸ்டார்ட்டிஎல்எஸ் மட்டும் இருந்தால் பயனில்லை. செக்யூர்டிரான்ஸ்ஃபர் மட்டும் இருந்தால் 587இல் இணைப்பு அமையாது. கடைசியாக மாஸ்கரேட் என்பதில் அந்த மெயில் முகவரி முழுவதும். இதை விட்டால் மெயில் ரூட் என்ற பெயரில் (மெஷினின் நிர்வாகி யூசர்), மெஷின் பெயரோடு கிளம்பும். ஜிமெயில் அதைத் தானே திருத்திக்கொள்ளும். வேறு பல சேவைகள் திருப்பி அனுப்பிவிடும்.

ஆத்.கான்ஃப் ஃபைலில் ஒரே வரி: மெயில் முகவரி, நிற்கும் கோடு (|), சர்வர் பெயர், முக்காற்புள்ளி (:), பாஸ்வேர்ட். நடுவில் இடைவெளியே கூடாது. இந்த ஃபைலின் ஓனர் ரூட், குரூப் மெயில், பர்மிஷன் 640, அதாவது ஓனர் படிக்கவும் எழுதவும், குரூப் படிக்க மட்டும். பாதுகாப்பு என்று நினைத்து, குரூப் படிக்க முடியாதபடி 600 ஆக்கினால் மெயில் போகாது. டிஎம்ஏ அந்த ஃபைலை மெயில் குரூப்பின் உரிமையில்தான் படிக்கிறது.

ஈடிசியில் உள்ள அலையஸஸ் ஃபைலில் ரூட் என்று எழுதி, முக்காற்புள்ளி போட்டு, யாருக்குப் போக வேண்டுமோ அவர் முகவரியை எழுதுங்கள். இல்லாவிட்டால் சிஸ்டம் அனுப்பும் மெயில் அந்த மெஷினுக்குள்ளேயே வார் மெயில் ஃபோல்டரில் சேர்ந்து கிடக்கும்.

இனி சோதனை. சென்ட்மெயில் என்ற பெயரிலேயே டிஎம்ஏ கிடைக்கும், தனியாக மெயில்எக்ஸ் போன்ற மெயில் ப்ரோகிராம் வேண்டியதில்லை. முதல் வரி சப்ஜெக்ட், அடுத்து ஒரு வெற்று வரி, அதன் பிறகு செய்தி. இந்த மூன்றையும், எழுத்தை வெளியிடும் கமாண்டான பிரின்டிஎஃப் வழியாக சென்ட்மெயிலுக்குத் தள்ளுங்கள். வெற்று வரியை விட்டால் செய்தியும் தலைப்புப் பகுதியில் கலந்துவிடும், பெறுபவருக்கு காலி மெயில்தான் வரும். மெயில் வரவில்லையா? மெயில்க்யூ கமாண்ட் காத்திருப்பதைக் காட்டும், சிஸ்டம் பதிவைத் திறக்கும் ஜர்னல்சிடிஎல் காரணத்தைக் காட்டும். பிழை எண் 534 என்றால் சாதாரண பாஸ்வேர்டைக் கொடுத்திருக்கிறீர்கள். 535 என்றால் பாஸ்வேர்ட் தப்பு அல்லது ரத்தாகிவிட்டது. கூகுள் கணக்கின் பாஸ்வேர்டை யாராவது மாற்றினாலே ஆப் பாஸ்வேர்ட் ரத்தாகும். மாதக்கணக்கில் ஓடிய செட்டப் திடீரென்று நின்றால் முதலில் இதைப் பாருங்கள்.

சப்ஜெக்டைத் தமிழில் எழுத வேண்டுமென்றால் கொஞ்சம் வேலை இருக்கிறது. தமிழ் எழுத்தை அப்படியே தலைப்பு வரியில் போடுவது விதிப்படி தப்பு, சில இடங்களில் கேள்விக்குறிகளாக வரும். எதையும் ஆங்கில எழுத்து, எண், சில குறிகளாக மட்டும் எழுதும் பேஸ்64 முறைக்கு மாற்றி, முன்னால் =?யுடிஎஃப்-8?பி? என்பதையும் பின்னால் ?= என்பதையும் ஆங்கில எழுத்தில் சேர்க்க வேண்டும். இப்படிச் சேர்த்த துண்டு 75 எழுத்துக்குள் இருக்க வேண்டும். தமிழில் மெய்யும் உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனியாக மூன்று பைட் பிடிப்பதால், ஒரு துண்டில் 15 குறிகள்தான் அடங்கும். ‘சூடு அதிகம்’, ‘கரண்ட் போச்சு’ இரண்டும் தாராளமாக அடங்கும். மற்றதைச் செய்தியில் எழுதுங்கள், அங்கே கன்டென்ட்-டைப் வரியில் யுடிஎஃப்-8 என்று சொல்லிவிட்டால் எவ்வளவு தமிழ் வேண்டுமானாலும் போகும். எத்தனை மணிக்கு நடந்தது என்பதைச் செய்தியிலேயே எழுதிவிடுங்கள். வரிசையில் காத்திருந்த மெயில் இரண்டு மணி நேரம் கழித்துக்கூட வரலாம்.

ட்ரையரின் மேல்வரம்பு 55 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். டிஎஸ்18பி20 என்ற சூடு சென்சாரின் அளவை லினக்ஸ் ஆயிரம் மடங்காகக் காட்டும், எனவே 55000. சென்சாரைப் படிக்க நீங்கள் எழுதும் ஸ்கிரிப்ட், அளவு அந்த எண்ணைத் தாண்டியதும் மெயில் அனுப்பி, ரன் ஃபோல்டரில் ஒரு அடையாள ஃபைலை உருவாக்க வேண்டும். ஃபைல் இருக்கும்வரை மறுபடி அனுப்பக் கூடாது. 50000க்குக் கீழே இறங்கினால்தான் ஃபைலை அழித்து ‘சூடு இறங்கியது’ என்று இன்னொரு மெயில். இந்த ஐந்து டிகிரி இடைவெளி இல்லையென்றால் 54க்கும் 55க்கும் நடுவே ஊசலாடும்போது மெயில் மேல் மெயில் குவியும், ஜிமெயிலின் ஒரு நாள் வரம்பான 500ஐயும் தொட்டுவிடலாம். சரியாக 85000 வந்தால் தள்ளிவிடுங்கள். கரண்ட் ஏறி இறங்கி சென்சார் புதிதாக எழும்போது காட்டும் ஆரம்ப எண் அது, உண்மைச் சூடு இல்லை.

ஸ்கிரிப்டை, குறித்த நேரத்தில் கமாண்டுகளை ஓட்டும் கிரானில் போடும்போது இரண்டு இடத்தில் மாட்டிக்கொள்வார்கள். கிரான் கமாண்டுகளைத் தேடும் ஃபோல்டர்களின் பட்டியலான பாத்தில் சென்ட்மெயில் இருக்கும் ஃபோல்டர் இல்லாமல் போகலாம், அதனால் யூஎஸ்ஆர், எஸ்பின் என்று முழுப் பாதையையும் எழுதுங்கள். கிரானுக்கு வேலை சொல்லும் கிரான்டேப் ஃபைலின் வரியில் % குறி வந்தால் கிரான் அதைப் புது வரியாக எடுத்துக்கொள்ளும். பிரின்டிஎஃப் கமாண்டை அங்கே எழுதாமல் ஸ்கிரிப்ட்டுக்குள் வையுங்கள்.

மிச்சம் இருப்பது ஒரே ஓட்டை. கரண்ட் போய் ரவுட்டரும் அணைந்தால், அதைச் சொல்ல வேண்டிய மெயில் கரண்ட் வந்த பிறகுதான் வரும். ரவுட்டரையும் ராஸ்பெர்ரி பையையும் ஒரே சின்ன யூபிஎஸ்ஸில் போடுவது பாதித் தீர்வு. மீதிக்கு, மெஷின் பேச்சு நின்றதை வெளியிலிருந்து யாராவது கவனிக்க வேண்டும். ஹெல்த்செக்ஸ் டாட் ஐஓ போன்ற சேவையில் இலவசக் கணக்கு எடுத்து, அவர்கள் தரும் முகவரியை ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை, இணைய முகவரியைத் திறக்கும் கமாண்டான கர்ல் மூலம் தட்டும்படி கிரானில் போடுங்கள். தட்டல் நின்றால் அவர்களே உங்களுக்கு மெயில் அனுப்புவார்கள். பொறுக்கும் நேரத்தை 20 நிமிடம் என்று வையுங்கள். அதற்குக் குறைத்தால் மழைக்காலத்தில் ஒவ்வொரு சின்ன லைன் கட்டுக்கும் தூக்கம் கெடும். மழையும் இல்லாமல் தட்டல் நின்றால், சிம்மின் ரீசார்ஜ் தேதியைப் பார்த்துவிட்டு ஸ்டோருக்கு போன் போடுங்கள்.