பாதி மூட்டு மாற்றிய பிறகு அது ஆடாமல் இருக்கிறதா என்று பார்ப்பது எப்படி?

முழங்காலில் தேய்ந்த ஒரு பக்கத்தை மட்டும் மாற்றும் அறுவை சிகிச்சையில் பலரும் கேட்கும் முதல் கேள்வி, எந்த கம்பெனி இம்பிளான்ட் என்பதுதான். அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது: உங்கள் ஜவ்வு (லிகமென்ட்) எப்படி இருக்கிறது? தொடை எலும்பின் நுனியில் ஒரு உலோக மூடி, கீழ் எலும்பின் மேல் ஒரு தட்டு, நடுவில் பிளாஸ்டிக், அவ்வளவுதான் வைக்கிறார்கள். காலை நிலையாகப் பிடித்திருப்பது உங்கள் சொந்த லிகமென்ட்தான். குறிப்பாக, மூட்டின் நடுவில் இருக்கும் ஏசிஎல் என்ற ஜவ்வு அறுந்திருந்தால் தொடை எலும்பு முன்னும் பின்னும் வழுக்கும், பாரம் தட்டின் பின் ஓரத்தில் விழும், தட்டு கொஞ்சம் கொஞ்சமாக ஆட ஆரம்பிக்கும். அதனால் ஆபரேஷனுக்கு முன்பே "ஏசிஎல் நன்றாக இருக்கிறதா?" என்று நேராகக் கேட்டுவிடுங்கள்.

அப்புறம், பிளாஸ்டிக் நகரும் வகையா, நகராத வகையா என்று கேளுங்கள். 1976ல் குட்ஃபெலோ, ஓ'கானர் இருவரும் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்த ஆக்ஸ்ஃபோர்டு மூட்டு நகரும் வகை. இதில் உலோகமும் பிளாஸ்டிக்கும் அகலமாகப் பொருந்துவதால் தேய்மானம் குறைவு, ஆனால் ஜவ்வின் இழுவிசை சரியாக அமையாவிட்டால் பிளாஸ்டிக் இடம் விட்டு வெளியே வந்துவிடலாம். நகராத வகையில் அந்தப் பயம் இல்லை, ஆனால் வருடங்கள் போகப்போகத் தேய்மானத்தைக் கவனிக்க வேண்டும். வெளிப்பக்க மூட்டில் காலை மடக்கும்போது ஜவ்வு தளர்ந்துவிடும், அதனால் நகரும் வகை அங்கே நழுவ வாய்ப்பு அதிகம்.

சிமென்ட் போட்டு ஒட்டினால் பிடிமானம் அன்றைக்கே வந்துவிடும். சிமென்ட் இல்லாத வகையில் கதை வேறு. தட்டுக்கு அடியில் துடுப்பு போல நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியைவிடச் சற்றே குறுகலாக எலும்பில் பள்ளம் வெட்டி, அதில் தட்டி இறக்குவார்கள். பிறகு எலும்பு உலோகத்தின் சொரசொரப்புக்குள் வளர்ந்து பிடிக்க வேண்டும். அந்த வாரங்களில் தட்டுக்கும் எலும்புக்கும் நடுவே உள்ள அசைவு சுமார் 50 மைக்ரானுக்குள், அதாவது ஒரு தலைமுடியின் தடிமனைவிடக் குறைவாக இருந்தால் எலும்பு வளரும். 150 மைக்ரானைத் தாண்டினால் எலும்புக்குப் பதிலாக நார்த்திசுதான் வளரும், தட்டும் கடைசிவரை தளர்வாகவே இருந்துவிடும். சரி, இறுக்கமாக அடித்துவிட்டால் போதுமே என்றால் அதுவும் கூடாது, கீழ் எலும்பு விரிசல் விடும். முதல் மூன்று மாதம் எவ்வளவு பாரம் போடலாம், எப்போது படி ஏறலாம் என்று டாக்டர் சொல்வதை அப்படியே கேட்கச் சொல்வது இதற்காகத்தான்.

இனி எக்ஸ்ரே. முதலில், படம் ஒழுங்காக எடுக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். கதிர் தட்டுக்கு இணையாகப் போயிருந்தால் தட்டின் அடிப்பக்கம் ஒரே நேர்கோடாகத் தெரியும், சாய்ந்து போயிருந்தால் அடியில் உள்ள எதுவும் தெரியாது. தட்டுக்குக் கீழே மெல்லிய கறுப்புக் கோடு தெரிந்தால் பதறாதீர்கள் (என் படத்தில் அதைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் நான் தூங்கவில்லை). 2 மில்லிமீட்டருக்கும் குறைவாக, கீழே தெளிவான வெள்ளை விளிம்போடு, வருடா வருடம் மாறாமல் இருந்தால் அது பெரும்பாலும் தொந்தரவு தராது. கோடு அகலமாகிக்கொண்டே போனாலோ, விளிம்பு மங்கலாக இருந்தாலோ, தட்டு பழைய படத்தைவிடச் சாய்ந்திருந்தாலோதான் கவலைப்பட வேண்டும். பழைய படங்களைத் தூக்கிப் போடாதீர்கள், பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் இதில் எதுவுமே தெரியாது.

கால் இன்னும் லேசாக வளைந்திருக்கிறதே என்று டாக்டரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். உள்பக்கம் மாற்றியவர்களுக்கு அதைப் பெரும்பாலும் வேண்டுமென்றேதான் விட்டிருப்பார்கள். அளவுக்கு மீறி நிமிர்த்தினால் பாரம் முழுக்க மாற்றாத பக்கத்துக்குப் போய் அதுவும் தேய்ந்துவிடும்.

நடக்கும்போது 'டக் டக்' என்று சத்தம் வந்தால், வலி இல்லாதவரை விட்டுவிடுங்கள், உலோகமும் பிளாஸ்டிக்கும் தொடும் சத்தம் அது. ஆனால் உட்கார்ந்து எழுந்து வைக்கும் முதல் நாலைந்து அடிகளில் மட்டும் வலி, பிறகு குறைந்துவிடுகிறது, மாதக்கணக்கில் இதே கதை என்றால் தளர்வு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். திடீரென்று கால் பூட்டிக்கொண்டு வீங்கினாலோ, ஊன்றவே முடியாமல் போனாலோ அடுத்த செக்கப் வரைக்கும் காத்திருக்காமல் அன்றைக்கே போய் எக்ஸ்ரே எடுங்கள்.