சுவரில் இருக்கும் பட்டாளத்துப் படத்திலிருந்து தாத்தாவின் போர்க்காலப் பணியைக் கண்டறிதல்

அம்மாவின் அப்பாவை நாங்கள் அப்புச்சி என்போம். அப்புச்சி இரண்டாம் உலகப் போரில் பர்மாச் சண்டைக்குப் போனவர் என்றே அம்மிச்சி கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். ஆனால் ஏற்காட்டு வீட்டுச் சுவரில் இருந்த படத்தைச் சட்டத்திலிருந்து கழற்றியபோது, அட்டையின் கீழ் மூலையில் ஸ்டுடியோ பெயரோடு கெய்ரோ என்று அச்சாகியிருந்தது. அதனால் முதலில் படத்தைப் பாருங்கள், வீட்டுக் கதையை அதன் பிறகு கேளுங்கள்.

மலைப் பனியின் ஈரத்தில் பழைய படங்கள் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். அப்படி ஒட்டியிருந்தால் இழுக்காமல், கண்ணாடியோடு சேர்த்தே 600 டிபிஐ அளவில் ஸ்கேன் செய்துவிடுங்கள். நான் இழுத்ததில் அப்புச்சியின் ஒரு காது கண்ணாடியிலேயே தங்கிவிட்டது. கழன்று வரும் படமாக இருந்தால், இருட்டு அறையில் கைபேசி டார்ச்சைப் படத்தின் ஓரமாகச் சாய்த்துப் பிடியுங்கள். மையில்லாமல் அழுத்திய ஸ்டுடியோ முத்திரையும், பென்சிலால் எழுதி அழிந்துபோன எழுத்தும் நிழல் விழுந்து தெரியும். பின்புறத்தில் நீங்கள் எதையும் குறிப்பதானால் பென்சிலால் மட்டும் குறியுங்கள்.

அடுத்து, படம் இடவலம் மாறி அச்சாகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பதக்க நாடா இடது மார்பில் இருப்பதே முறை. பிறகு அவருடைய பதவியைப் பாருங்கள். கையில் ஒரு பட்டை லான்ஸ் நாயக், இரண்டு நாயக், மூன்று அவில்தார். தோளில் ஒரு நட்சத்திரம் ஜமேதார், இரண்டு சுபேதார். விளிம்பில்லாத உயரமான கருநீலத் தொப்பி இருந்தால், பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படையைத்தான் முதலில் நினைக்க வேண்டும்.

புஜத்தில் தைத்திருக்கும் துணிச் சின்னம்தான் இருப்பதிலேயே பெரிய தடயம். சிவப்புக் கழுகு 4ஆவது இந்திய டிவிஷன். வட ஆப்பிரிக்காவிலும் இத்தாலியிலும் போரிட்டது. கறுப்புப் பூனை 17ஆவது, பர்மாவில் போரிட்டது. ஆனால் அக்காலத்தில் பல ஸ்டுடியோக்கள் பயன்படுத்திய ஒருவகை ஃபிலிமில் சிவப்பு ஏறக்குறைய கறுப்பாகவும் நீலம் வெளிறியும் விழும். அப்புச்சியின் புஜத்தில் வெறும் கறுப்புத் துண்டுதான் இருக்கிறது என்று பல மாதம் நம்பியிருந்தேன். ஸ்கேன் செய்த படத்தில் அந்த இடத்தின் வெளிச்சத்தை மட்டும் கூட்டியபோதுதான், கறுப்புத் துணியின் மேல் விரிந்த இரண்டு இறக்கைகள் மெல்லத் துலங்கின.

பதக்க நாடா காலத்தையும் சொல்லும். ஆப்பிரிக்கா ஸ்டார் என்ற போர்ப் பதக்கம் 1943 ஜூலையிலும் பர்மா ஸ்டார் 1945 மே மாதத்திலும்தான் அறிவிக்கப்பட்டன. ஆகவே அந்த நாடா இருக்கும் படம் அதற்கு முன் எடுத்ததாக இருக்க முடியாது. இரண்டின் நடுவிலும் அகலமான சிவப்புப் பட்டை உண்டு என்பதால், சிவப்பை விட்டு ஓர வண்ணங்களைக் கொண்டே பிரித்தறியுங்கள்: ஆப்பிரிக்காவுக்கு வெளிர்மணல் நிறம், பர்மாவுக்கு நீலமும் ஆரஞ்சும். நாடா இருப்பதாலேயே அவர் துப்பாக்கி பிடித்தார் என்று எழுதிவிடாதீர்கள். லாரி ஓட்டியவரும் பாலம் கட்டியவரும் சமைத்தவரும் அதே களங்களில் இருந்தார்கள்.

இவ்வளவும் சேர்ந்தபின், படையிலிருந்து விடுவித்தபோது கொடுத்த டிஸ்சார்ஜ் சான்றைத் தேடுங்கள்; படை எண் அதில்தான் இருக்கும். அதில் சேலம் ஜில்லா என்றிருந்தால் இன்றைய சேலத்தோடு நின்றுவிட வேண்டாம். தர்மபுரி 1965இலும் நாமக்கல் 1997இலும்தான் பிரிந்தன, ஓசூர்க்காரரும் அன்று சேலம் ஜில்லாக்காரரே. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பட்டியலில் போரில் இறந்தவர்களே இருப்பார்கள் என்பதால், ஊர் திரும்பியவரை அங்கே தேடிப் பயனில்லை. சாப்பர்ஸ் என்று உறுதியானால் பெங்களூரிலும், மெட்ராஸ் ரெஜிமெண்ட் என்றால் நீலகிரி வெலிங்டனிலும் உள்ள ஆவண அலுவலகத்துக்குப் படை எண், தந்தை பெயர், ஊர், தாலுகா ஆகியவற்றோடு எழுதுங்கள். ஊர்ப் பெயரை அக்கால வழக்கிலும் சேர்த்து எழுதுவது அவசியம். சங்ககிரி அன்றைய காகிதங்களில் சங்ககிரி துர்க்கம் என்றே இருக்கும்.