தண்ணீரில் ஊறும் கல்லுக்கு ஒரு ஹீட்டர்

காரைக்குடிப் பக்கம் பொறியியல் படிக்கிற பிள்ளைகள், பிராஜெக்டைப் பார்த்துக் கருத்துச் சொல்லச் சொல்லி என்னை அவ்வப்போது கூப்பிடுவார்கள். போன வருஷம் ஒரு குழு, தரையில் பதிக்கிற ஆத்தங்குடிக் கல்லைச் சீக்கிரம் காய வைக்க ஒரு ஹீட்டர் பெட்டி செய்திருந்தது. சென்சார், செல்போன் ஆப், எல்லாம் பக்கா. "பட்டறைக்குப் போனீங்களாப்பா?" என்று கேட்டேன். யூடியூபில் பார்த்தார்களாம்.

ஆத்தங்குடிக் கல் சூளையில் சுடுகிற கல் இல்லை. கண்ணாடித் தட்டின்மேல் அச்சு வைத்து, நிறம் கலந்த சிமெண்டை ஊற்றி, அதன்மேல் மணலும் சிமெண்டும் போட்டு அழுத்துவார்கள். அப்புறம் நாள்கணக்கில் தண்ணீர்த் தொட்டியில் ஊறும். சிமெண்ட் காய்ந்து இறுகுவதில்லை, தண்ணீரோடு வினைபுரிந்துதான் இறுகுகிறது. ஈரத்தை அவசரமாக விரட்டினால் கல்லின் பலம் குறையும், வெடிப்பும் விடும். அரை நாள் பட்டறையில் உட்கார்ந்திருந்தால் ஆறு மாத உழைப்பு மிஞ்சியிருக்கும். அந்தக் காலத்தில் பர்மாவுக்கு வட்டிக்கடை வேலைக்குப் போன நகரத்தார் பையன்கள், கடையில் எடுபிடி வேலை பார்க்கும் பெட்டியடிப் பையனாகத்தான் தொடங்கினார்கள். அடுத்தாள், ஏஜெண்டு எல்லாம் பிறகு. இப்போது மூன்றாம் ஆண்டிலேயே விசிட்டிங் கார்டில் சி.இ.ஓ. என்று அச்சாகிவிடுகிறது.

காப்புரிமையில் செய்கிற தப்பு, வரிசையை மாற்றுவது. கருத்தரங்கில் கட்டுரை வாசித்து, படத்தையும் இன்ஸ்டாகிராமில் போட்டுவிட்டு, பிறகு விண்ணப்பிக்க ஓடுகிறார்கள். வெளியே சொன்ன விஷயம் 'புதியது' என்ற தகுதியை இழந்துவிடும். சில விதிவிலக்குகள் உண்டு, ஆனால் அவை குறுகலானவை. முதலில் தற்காலிக விண்ணப்பம் போடுங்கள், முழு விவரக்குறிப்பைக் கொடுக்க 12 மாதம் இருக்கிறது. இன்னொன்று, செட்டிநாட்டு வீட்டுச் சுண்ணாம்புப் பூச்சில் முட்டை வெள்ளைக்கரு சேர்ப்பதை அப்படியே எழுதிக் காப்புரிமை கேட்க முடியாது. பரம்பரை அறிவுக்குக் காப்புரிமை இல்லை என்று 1970-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3(p) பிரிவு சொல்கிறது. அதன்மேல் நீங்கள் என்ன புதிதாகச் செய்தீர்கள் என்பதுதான் கேள்வி.

சேவைப் பக்கம் வந்தால் எனக்குக் கோபமே வரும். ஒரு நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் மாணவர்கள் ஊருணித் தண்ணீரில் டி.டி.எஸ். மீட்டரை விட்டார்கள். லிட்டருக்கு 180 மில்லிகிராம் என்று காட்டியது. உடனே 'குடிக்க உகந்தது' என்று ஒரு போர்டு. அந்த மீட்டர் பார்ப்பது தண்ணீரின் மின்கடத்துத்திறனை. அதை வைத்துக் கரைந்த உப்பின் அளவைக் கணக்கிடுகிறது, அவ்வளவுதான். கிருமி அதில் தெரியாது. ஃபுளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினாலே குடிக்கக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம், அந்தத் துளி அளவும் 180-க்குள் ஒளிந்துகொள்ளும். மாதிரி எடுத்துக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்துக்குக் கொடுத்திருக்கலாம். ஏன், அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சமும் கொடுத்து வந்த சிக்ரி ஆராய்ச்சி நிலையம், மின்வேதியியலுக்கென்றே காரைக்குடிக்குள் இருக்கிறது. ஃபுளோரைடை மின்முனையால் அளப்பதே மின்வேதியியல்தான். பேராசிரியர் மூலமாக ஒரு கடிதம் எழுதி யோசனை கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

போர்டைப் பார்த்த ஆச்சி ஒருவர், "தம்பி, இதை நாங்க குடிக்கிறதே இல்லையே. ஊருணிக்குத் தண்ணி வர்ற வரத்துக்கால் தூர்ந்து கிடக்கு, அதை வெட்டி விடுங்கப்பா" என்றார். முகாமுக்கு இன்னும் இரண்டு நாள் பாக்கி இருந்தது. ஆனால் வருஷத்துக்கு 120 மணி நேரச் சேவை என்ற கணக்கு நிரம்பிவிட்டதால் யாரும் மண்வெட்டியைத் தொடவில்லை.

இதைவிட மோசம், முகாமில் வாங்கிய போன் நம்பர்களுக்கு அடுத்த மாதம் ஃபில்டர் விற்கப் போவது. விற்பது தப்பில்லை. சர்வே எடுக்கிறோம், நாளைக்கு விற்கவும் வருவோம் என்று முதலிலேயே சொல்ல வேண்டும். செட்டிநாட்டுக் கடைக் கணக்கில் கோயிலுக்கும் தர்மத்துக்கும் 'மகமை' என்று தனிக் கணக்கே எழுதுவார்கள். லாபத்தோடு கலக்க மாட்டார்கள். உங்கள் நோட்டிலும் அப்படி ஒரு பக்கம் தனியாக இருக்கட்டும்.

சரி, அந்த ஹீட்டர் குழு? இப்போது பட்டறைத் தொட்டியில் எத்தனை நாள் ஊறினால் கல் எவ்வளவு பலமாகிறது என்று அளந்துகொண்டிருக்கிறார்கள். பெட்டியில் விடுதிச் சமையற்காரர் வடகம் காய வைக்கிறார்.