கொள்ளுத்தாத்தா இறந்த தேதி தெரியலையா? திதியில இருந்து ஆரம்பிங்க

பழைய இறப்பு பதிவு தேடுறவங்க பண்ற முதல் தப்பு, பேரை மட்டும் வச்சுக்கிட்டு நேரா ஆபீஸ்ல போய் நிக்கிறது. நானும் கொள்ளுத்தாத்தா ராமசாமி பேரை வச்சுக்கிட்டு அப்படித்தான் போனேன். "எந்த வருஷம்?"னாங்க, "நாப்பத்தஞ்சுல இருந்து அம்பதுக்குள்ள இருக்கும் சார்"னேன். தெரிஞ்சுட்டு வாங்கன்னு அனுப்பிட்டாங்க.

வீட்டுக்கு வந்து அத்தைகிட்ட கேட்டா வருஷம் தெரியாதாம், ஆனா திதி டக்குனு வருது, ஆவணி தேய்பிறை சப்தமி. வருஷா வருஷம் படையல் போடுற வீட்ல அது எப்படி மறக்கும்! வருஷம் ஒரு பழைய கணக்கு நோட்டுல கிடைச்சுது, "விய வருஷம்"னு. தமிழ் வருஷம் 60 வருஷத்துக்கு ஒருக்கா திரும்பி வரும், அதனால விய-ன்னா 1886, 1946, 2006 இந்த மூணுல ஒண்ணுதான், எங்களுக்கு 1946. நெட்ல அந்த வருஷ பஞ்சாங்கம் பாத்தா ஆகஸ்ட் 19 வாக்குல வருது. வருஷம் சரியா தெரியலன்னாலும் பரவால்ல, மூணு நாலு வருஷத்துக்கு அதே திதி எந்தெந்த தேதியில வந்துச்சுன்னு குறிச்சு எடுத்துட்டு போங்க, தேடுற கட்டணம் வருஷக் கணக்குலதான் போடுவாங்க.

அடுத்தது ஊர். இப்ப இருக்கிற மாவட்டப் பேரை நம்பாதீங்க. மயிலாடுதுறை மாவட்டம் 2020லதான் வந்துச்சு, அதுக்கு முன்னாடி நாகை, 1991க்கு முன்னாடி எல்லாமே தஞ்சாவூர். தாலுகாவும் மாறியிருக்கும். வருவாய் கிராமப் பேர் வேணும், நாம கூப்பிடுற பேர் வேறயா இருக்கலாம், வீட்ல பழைய பட்டாவோ பத்திரமோ இருந்தா அதுல பாருங்க.

1969 பிறப்பு இறப்பு பதிவுச் சட்டம் வர்றதுக்கு முன்னாடி, 1899 மெட்ராஸ் சட்டப்படி கிராமத்துல சாவு எழுதுனது முன்சீப்தான், அதாவது அந்தக் கால கிராம அதிகாரி. கிராமத்து பழைய ரிஜிஸ்டருக்கு முதல்ல சார்பதிவாளர் ஆபீஸ்ல கேளுங்க, டவுனா இருந்தா நகராட்சி, மாநகராட்சி.

ரிஜிஸ்டர் கிடைச்சதும் சந்தோஷப்படாதீங்க, அங்கதான் நெஜமான வேலையே இருக்கு. எங்க ஊர்ல அதே வருஷம் ரெண்டு ராமசாமி. வயசை வச்சு பிரிக்கலாம்னு பாத்தா ஒருத்தருக்கு 50, இன்னொருத்தருக்கு 60, ரெண்டுமே குத்துமதிப்பு. அப்பா பேர் ஒண்ணுல சரியா படிக்கவே முடியல. கடைசியில ஒருத்தர் இறந்த தேதியை பஞ்சாங்கத்துல வச்சுப் பாத்தா வளர்பிறை, இன்னொருத்தருக்கு தேய்பிறை சப்தமி. முடிஞ்சுது. பொம்பளைங்கள தேடுறது இன்னும் கஷ்டம், "இன்னார் பெண்சாதி"ன்னு புருஷன் பேரை வச்சுத்தான் பிடிக்கணும். இறந்த தேதி வேற, எழுதின தேதி வேற, அதனால ரெண்டு மாசம் தள்ளியும் தேடிப் பாருங்க.

கிறிஸ்தவ குடும்பம்னா முதல்ல சர்ச் அடக்க ரிஜிஸ்டர், கத்தோலிக்க சர்ச்னா பழைய ரிஜிஸ்டர் லத்தீன்ல இருக்கலாம், பயப்படாதீங்க, திரும்பத் திரும்ப அதே நாலு வார்த்தைதான்.

எதுலயும் இல்லன்னா பாகப்பிரிவினை பத்திரம் தேடுங்க. "காலஞ்சென்ற இன்னார் மகன்"னு ஒரு வரி இருந்தாலே, அந்த பத்திர தேதிக்கு முன்னாடி அவர் போய்ட்டார்னு உறுதியாகிடும், பங்காளிங்க பேரும் வரிசையா கிடைக்கும். ரொம்பப் பழைய வில்லங்கம் ஆன்லைன்ல கிடைக்கலன்னா, அதுக்கு நேர்லதான் மனு போடணும்.

கடைசியா ஒண்ணு, எனக்கு லேட்டாத்தான் தெரிஞ்சுது. இறப்புக்கான காரணம் ரிஜிஸ்டர்ல எழுதியிருந்தாலும் நமக்குத் தர்ற நகல்ல அது வராது, சட்டமே அப்படி. அதனால ரிஜிஸ்டர் திறந்திருக்கும்போதே அந்த கட்டத்தை மட்டும் படிச்சு சொல்ல முடியுமான்னு கேட்டுப் பாருங்க. எங்க கொள்ளுத்தாத்தாவுக்கு "காய்ச்சல்"னு இருந்துச்சு, அந்தப் பக்கத்துல பாதிப் பேருக்கு அதேதான்.