புகைப்பழக்கமும் ஆணின் மகப்பேற்றுத் திறனும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருமணமாகி ஓராண்டு கடந்துவிட்டால், ‘ஏனுங்க, விசேசம் ஏதாச்சும் உண்டுங்களா?’ என்ற கேள்வி ஈரோட்டிலும் திருப்பூரிலும் மருமகளை நோக்கித்தான் வருகிறது. ஸ்கேனும் இரத்தப் பரிசோதனையும் அவளுக்கே முதலில் நடக்கின்றன. குழந்தையின்மையால் வருந்தும் தம்பதியரில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் ஆண் தரப்புக் காரணமும் இருக்கையில், செலவு குறைந்த விந்துப் பரிசோதனையைக் கடைசிக்குத் தள்ளுவது முதல் தவறு.

‘எங்கப்பா பீடி குடிச்சுட்டே நாலு புள்ள பெத்தாருங்க’ என்பது பேக்கரி வாசலில் டீயும் சிகரெட்டுமாக நிற்பவர்கள் சொல்லும் சமாதானம். புகைக்கும் ஒவ்வொருவருக்கும் மலட்டுத்தன்மை வரும் என்று மருத்துவம் சொல்லவில்லை. புகையிலுள்ள காட்மியம் போன்ற நச்சுகள் விந்தணுக்களின் எண்ணிக்கையையும் நீந்தும் ஆற்றலையும் குறைக்கக்கூடும், அவற்றின் மரபணு இழைகளையும் சிதைக்கக்கூடும் என்றே சொல்கிறது. இந்தச் சிதைவு வழக்கமான விந்துப் பரிசோதனையில் தெரியாது. ஆகவே, ஒரு மில்லிலிட்டருக்கு 1.6 கோடி விந்தணுக்கள் என்ற உலகச் சுகாதார நிறுவனத்தின் கீழ் எல்லையைத் தாண்டிவிட்டோம் என்று ரிப்போர்ட்டைக் காட்டிப் புகையைத் தொடர்வதும் தவறுதான்.

எல்லாவற்றையும்விட அதிகம் பேர் சறுக்குவது நாள் கணக்கில். ஒரு விந்தணு உருவாக ஏறத்தாழ 74 நாள்களும், அதன்பின் முதிர்ந்து வெளிவர மேலும் இரண்டு வாரம் வரையும் ஆகின்றன. அதாவது இன்றைய பரிசோதனை காட்டுவது, மூன்று மாதங்களுக்கு முன் தொடங்கிய கதையை. மஞ்சள் நட்ட அடுத்த மாதமே கிழங்கைத் தோண்டிப் பார்க்காத நம் ஊர்க்காரர், இதில் மட்டும் ஒரே மாதத்தில் மறுபரிசோதனை செய்துவிட்டு, ‘விட்டும் பிரயோசனமில்லை’ என்று மீண்டும் பற்றவைக்கிறார்.

சிகரெட்டை விட்டுப் பீடிக்கோ வாயில் அடக்கும் புகையிலைக்கோ மாறுவது விட்டதாகாது. புகைத்துக்கொண்டே சத்து மாத்திரை விழுங்குவதும் அப்படியே. சோதனைக்குழாய் முறைக்குச் செல்வதால் புகை பொருட்டல்ல என்று எண்ணுவதும் சரியன்று, ஏனெனில் சிதைந்த மரபணுவை ஆய்வகம் செப்பனிடுவதில்லை.

தனியாகப் போராடுவதைவிட, புகையிலையை விட உதவும் 1800-112-356 என்ற தேசியக் கட்டணமில்லா எண்ணை அழைக்கலாம்; நிகோடின் சூயிங்கம் வேண்டுமா என்பதை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யலாம்.